கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது

1

போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் கணினியைத் திறந்ததும் ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. அனுப்பியது மனிதர் இல்லை. எங்கள் துறைக்காக நானே முன்னின்று அமைத்த மென்பொருள். ஏதாவது ஒரு தவறு நடந்து, அது பதிவாகி ஓராண்டு ஆகிவிட்டால், பொறுப்பாளருக்கு அது தானாகவே எழுதிக் கேட்கும்: மேற்கொண்டு செய்வதற்கு ஏதுமில்லை என்றால் இந்தச் சம்பவத்தை முடித்துவைக்கலாமா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். சம்பவத்தின் எண் மட்டும் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆம் என்பதை அழுத்தினேன். அழுத்தாவிட்டால் வாரா வாரம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபோது கை ஓடவில்லை. தக்காளியை நறுக்கிவிட்டு எதற்காக நறுக்கினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். நம் ஊர் நகராட்சி, பேரூராட்சி மாதிரி இங்கே கவுன்சில்கள் உண்டு. குப்பை அள்ளுவது, வீட்டு வரி, தெருவிளக்கு, நூலகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியாகக் கணினி வாங்கி, தனித்தனியாக ஆள் வைத்தால் கட்டுப்படியாகவில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்து நான்கு கவுன்சில்கள் சேர்ந்து ஒரே கணினித் துறையை வைத்துக்கொண்டன. அந்தத் துறையை மேற்பார்வையிடுவது நான். ஒரு கவுன்சிலுக்கு ஒத்துப்போவது இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. நாலு மாமியார் இருக்கிற வீட்டுக்கு ஒரே மருமகள் என்று ஊருக்குப் போனபோது விளக்கினேன். என் தம்பி சரவணனுக்கு அது பிடிபட்டது. ஆனாலும் அவனுக்குக் குறைதான். பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் போகும்போது, "லண்டன் வரைக்கும் போயி கடைசியில பஞ்சாயத்து ஆபீஸ் வேலைதானாக்கா" என்றான். நாங்கள் இருப்பது லண்டன் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு அது லண்டன்தான்.

2

நான்கு கவுன்சில்களில் ஆகச் சிறியது ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குள் நுழையும் இடத்தில் நின்று பார்த்தால், வத்தல்மலைக்குப் போகும் வழியில் முதல் வளைவில் நின்று கீழே பார்ப்பதுபோல இருக்கும். பச்சை மட்டும் வேறு பச்சை. அங்கே முன் மேசையில் கேரல் என்றொரு அம்மா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருடமாக அதே மேசை. தொலைபேசியை எடுத்தால் குரலை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார்.

இங்கே குப்பைத் தொட்டியை வீட்டுக்காரர்களே தள்ளிக்கொண்டு வந்து தெருவோரம் வைக்க வேண்டும். சக்கரம் வைத்த பெரிய தொட்டி. வயதானவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் கவுன்சிலிடம் சொல்லிவைத்தால், குப்பை அள்ளும் ஆட்களே உள்ளே வந்து எடுத்துப்போய், காலி செய்து, பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். மற்ற மூன்று கவுன்சில்களிலும் இதற்கென்று கணினியில் தனிக் கட்டம் இருந்தது. டிக் அடித்தால் போதும். கேரல் மட்டும் அந்தக் கட்டத்தை ஒருநாளும் தொட்டதில்லை. வீட்டு முகவரியின் கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில்தான் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். 'கேட் இறுகிப்போயிருக்கிறது, தூக்கித் தள்ளவும்.' 'கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கவும், அவருக்கு நடக்க நேரமாகும்.' 'தொட்டியைப் படிக்கட்டுப் பக்கம் வைக்கக்கூடாது.' முப்பது வருடத்துக் குறிப்புகள்.

நான்கு கவுன்சில்களின் பழைய கணக்குகளையும் ஒரே மென்பொருளுக்கு மாற்றினோம். புதியதில் குறிப்புக்கு இடமில்லை. வேண்டுமென்றுதான் இடம் வைக்கவில்லை. ஒழுங்கில்லாத எழுத்துகள் உள்ளே வந்தால் பிற்பாடு சிக்கல் என்று எங்கள் குழுவில் முடிவெடுத்தோம். முடிவெடுத்தோம் என்று பன்மையில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டது நான் ஒருத்தி.

கேரல் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். சோதனைத் திரையில் தன் குறிப்புகள் ஒன்றையும் காணோம் என்றார். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, தேவைப்படும் வீடுகளுக்கு டிக் அடிக்க ஆறு வாரம் வேண்டும் என்றார். எங்களிடம் ஆறு வாரம் இல்லை. மாற்றும் தேதியை நான்கு கவுன்சில் தலைவர்களும் ஒப்புக்கொண்டு, பத்திரிகையிலும் வந்துவிட்டது.

நான் சொன்ன பதில் நன்றாக நினைவிருக்கிறது. "பார்க்கிறோம்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் வார்த்தை நம் ஊர் வார்த்தை. நம் ஊரில் ஆபீசில் போய் நிற்கிறவருக்கு 'பாக்கறோம்' என்று பதில் வந்தால், 'போய்ட்டு வா' என்று அர்த்தம். கேட்டவருக்கும் அது புரியும், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேரலுக்கு அந்த அகராதி தெரியாது. பார்ப்பதாக ஒரு அதிகாரி சொன்னால் பார்ப்பார் என்று நம்புகிற ஊரில் பிறந்தவர். நன்றி சொல்லி வைத்துவிட்டார். தன் நோட்டில் தேதியும் என் பெயரும் போட்டு, 'அரசி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்' என்று எழுதியும் வைத்திருந்தார். அந்த நோட்டைப் பிறகு நான் பார்த்தேன்.

3

மலையடிவார ஊரில் மேட்டுத் தெருவில் மிஸ்டர் டென்பி என்று ஒருவர். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். வலது முழங்கால் மடங்காது. அவர் வீட்டுக் குறிப்பில் கேரல் எழுதியிருந்தது: 'தொட்டியை ஒருபோதும் இவரை இழுக்க விடாதீர்கள். தன்னால் முடியும் என்பார். முடியாது.'

புது மென்பொருள் வந்த பிறகு குப்பை வண்டிக்காரர்கள் கையில் கணினிப் பலகையோடு வந்தார்கள். அதில் மேட்டுத் தெருவின் பத்து வீடுகளும் ஒரே மாதிரி இருந்தன. தெருவோரத்தில் தொட்டி இருந்தால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் போய்விடுவார்கள். முதல் முறை மிஸ்டர் டென்பியின் தொட்டியை எடுக்கவில்லை. அவர் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்தார். அந்த எண்ணையும் நாங்கள் நான்கு ஊருக்கும் பொதுவாக ஒரே எண்ணாக மாற்றியிருந்தோம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று குரல் வந்தது. கேரல் வரவில்லை. வைத்துவிட்டார். இரண்டாவது முறையும் எடுக்கவில்லை.

மூன்றாவது முறை, ஜனவரி மாதத்து விடியற்காலையில், தரையெல்லாம் கண்ணாடிபோல உறைபனி பிடித்துக் கிடந்தபோது, தொட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். சரிவில் சறுக்கி விழுந்தார். தொட்டி அவர்மேல் சாய்ந்தது. தபால் கொடுக்க வந்த பெண் பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிழைத்தார். வீட்டுக்குத் திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்தச் செய்தி ஒரு அட்டவணையின் வரியாகத்தான் வந்தது. எண், தெரு, 'உதவி தேவைப்படும் வீடு என்று பதிவாகவில்லை' என்ற சொற்றொடர். நான் பழைய கணினியைத் திறந்து கேரலின் குறிப்பைத் தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு மிஸ்டர் டென்பியின் நினைவு வரவில்லை. பொன்னுசாமிப் பெரியப்பாவின் நினைவுதான் வந்தது.

4

இதைப் போன கோடைவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

தர்மபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்துவிட்டு ஒன்பது மாதம் ஒரு வேலை பார்த்தேன். தாலுகா ஆபீஸ் ஒன்றில் நில ஏடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியாள் ஒருவர் ஒப்பந்தம் எடுத்து, எங்களைப் போல ஆறு பெண்களை உட்காரவைத்திருந்தார். ஒரு மின்விசிறி, ஆறு கணினி. ஏட்டைத் திறந்தால் புழுதி தும்மலை வரவழைக்கும். சர்வே எண், பரப்பு, பெயர், தகப்பன் பெயர், தீர்வை என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து அடிக்க வேண்டும். நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு.

ஏட்டின் வலது ஓரத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. குறிப்பு என்று தலைப்பு. பெரும்பாலும் காலியாக இருக்கும். சிலதில் மட்டும் பழைய காலத்துக் கிராம மணியக்காரர்கள் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருப்பார்கள். எங்கள் கணினித் திரையில் அந்தக் கட்டம் இல்லை.

ஒருநாள் எங்கள் ஊர் ஏடே என் மேசைக்கு வந்தது. எனக்கு உற்சாகம். எங்கள் நிலம், பக்கத்து நிலம் என்று தெரிந்த பெயர்களாக அடித்துக்கொண்டே வந்தேன். எங்கள் புன்செய்க் காட்டுக்குப் பின்னால் இருப்பது பொன்னுசாமிப் பெரியப்பாவின் காடு. அப்பாவுக்குப் பங்காளி முறை. அவர் காட்டுக்குப் போவதென்றால் இன்னொருவர் நிலத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். ஒரு வண்டித்தடம் உண்டு. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'வடக்கு வரப்பை ஒட்டி எட்டு அடி வண்டிப்பாதை அனுபவம் உண்டு.' அந்த வழியே போய்வர உரிமை உண்டு என்று அர்த்தம். அந்தத் தடத்தில் நான் சைக்கிள் ஓட்டிப் பழகியிருக்கிறேன்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, இதை எங்கே அடிப்பது என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். கட்டம் இல்லை அல்லவா, விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன். அன்றைய கணக்குக்கு இன்னும் பதினோரு பக்கம் பாக்கி இருந்தது.

அதன் பிறகு நான் பெங்களூர் போனேன், கல்யாணம் ஆனது, இங்கே வந்தேன். பல வருடம் கழித்துச் சரவணன் போனில் ஊர்ச் சேதி சொல்லும்போது நடுவில் அதையும் சொன்னான். வழியிலிருந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, சுற்றிலும் கம்பிவேலி போட்டுவிட்டாராம். பெரியப்பாவின் மகன் மாதேசன் அண்ணன் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டி, தலைச்சுமையாக வாய்க்கால் வழியே ரோட்டுக்குக் கொண்டுவந்தாராம். ஆபீசுக்கு நடந்து நடந்து பார்த்தாராம். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பாதை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பழைய ஏட்டைக் கேட்டால், அது எங்கே கட்டிப்போட்டிருக்கிறதென்று தெரியவில்லையாம். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, வேலி போட்டவருக்கே காட்டைக் கொடுத்துவிட்டு அண்ணன் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

நான் "ஐயோ பாவம்" என்றேன். அடுத்து அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

5

மிஸ்டர் டென்பி விழுந்ததற்கு விசாரணை நடந்தது. விசாரணை என்றால் நீதிமன்றம் இல்லை. ஒரு நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள், ஒரு சட்ட ஆலோசகர். கவுன்சிலின் காப்பீட்டுக்காரர்கள் படிக்கப்போகிற அறிக்கை என்பதால் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் போட்டார்கள். வருத்தம் தெரிவிக்கலாம், மன்னிப்புக் கேட்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இங்கே ஒரு ஆறு ஓடுகிறது. இருபது வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது எங்கே ஓடுகிறதென்று தெரியவில்லை.

ஆலோசகர் எழுதிய வரி இது: 'மேற்படி வீட்டின் விவரம் சம்பந்தப்பட்ட கவுன்சில் அலுவலகத்திலிருந்து உரிய வடிவில் தரப்படவில்லை.' படித்துப் பார்த்துச் சரியா என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேரல் உரிய கட்டத்தில் டிக் அடிக்கவில்லைதான். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும், நான் பார்க்கிறோம் என்றதும் அந்த வரியில் இல்லை. அதற்கு அங்கே இடமும் இல்லை. சரி என்றேன்.

இரண்டு மாதத்தில் கேரல் ஓய்வு வாங்கிக்கொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை என்று சொன்னார்கள். பயிற்சிக்கு அனுப்புகிறோம், கட்டங்களைச் சரியாக நிரப்புவது எப்படி என்று கற்றுக்கொள்ளுங்கள் என்று மட்டும் கடிதம் போயிருக்கிறது. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். நான் போனேன். எல்லோரும் கலைந்த பிறகு கேரல் தன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தார். கோபமாகப் பேசவில்லை. "நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். இல்லையென்றால் ராத்தங்கியாவது நானே செய்திருப்பேன்" என்றார்.

அதுதான் என்னை அடித்தது. நான் மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார். ஆறு வாரத்து வேலையை உட்கார்ந்து செய்திருப்பார்.

அந்த வாரம் வீட்டில் என் மகள் இனியாவிடம் இதைப் பாதி சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இப்போதெல்லாம் அதுவும் குறைந்து, நான் கேட்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அன்று மட்டும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று கேட்டாள். நான் கேக் விழாவுக்குப் போனேன், கட்டிப்பிடித்தேன், பரிசு கொடுத்தேன் என்றேன். "அது இல்லையே நான் கேட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஊருக்கு இந்த முறை வருகிறாயா என்று கேட்டிருந்தேன். அதற்கான பதிலை மறுநாள் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். தோழிகளோடு வேறு திட்டம் இருக்கிறதாம். ஒரே வீட்டுக்குள் மாடியிலிருந்து வந்த செய்தி.

6

மிஸ்டர் டென்பியை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வழக்கு வந்தால் சிக்கலாம். போனேன்.

சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இல்லத்தில் வேலை செய்யும் பெண் என்று நினைத்துக்கொண்டு, தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். கவுன்சிலிலிருந்து வருகிறேன் என்றேன். எந்தத் துறை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விழுந்ததைப் பற்றி அவருக்குக் குறையே இல்லை. உறைபனியில் இறங்கியது தன் முட்டாள்தனம் என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முன்னெல்லாம் பண்டிகை சமயத்தில் குப்பை எடுக்கும் நாள் மாறினால் கேரல் கூப்பிட்டுச் சொல்வாராம், அப்படியே பத்து நிமிடம் பேசுவாராம். இப்போது கூப்பிடுவதே இல்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். என்னிடம் சொல்லாமலா என்று கேட்டுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை என் மேலதிகாரிக்கு எழுதினேன். கேரல் முன்கூட்டியே எச்சரித்தார், நான் கேட்டுக்கொள்ளவில்லை, அறிக்கையில் இது சேர்க்கப்பட வேண்டும் என்று. அறிக்கை ஏற்கனவே போய்விட்டது என்றார்கள். பிறகு பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்? கேரலுக்கு ஒரு பிரதி அனுப்பி, கூடவே கைப்பட மன்னிப்புக் கடிதமும் வைத்தேன். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவர் மிஸ்டர் டென்பியை வாராவாரம் போய்ப் பார்ப்பதாக மட்டும் பிறகு கேள்விப்பட்டேன்.

7

கோடையில் ஊருக்குத் தனியாகப் போனேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் பெங்களூர்தான். அங்கே இறங்கிக் காரில் மூன்று நான்கு மணி நேரம். சரவணனிடம் முன்பே மாதேசன் அண்ணன் வேலை செய்யும் இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தேன். எதற்கு என்றான். பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றேன்.

பெங்களூருக்கு வெளியே புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. வெயில் ஏறாத காலை நேரம். கேட்டில் நீலச் சட்டையும் தொப்பியுமாக அண்ணன் நின்றார். யாரோ ஒருவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. காரை விட்டு இறங்கியதும் என்னிடமும் கன்னடத்தில்தான் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "அண்ணா, நான் அரசி" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

விமானத்தில் பத்து மணி நேரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் வார்த்தைகள் முன்னும் பின்னுமாகத்தான் வந்தன. தாலுகா ஆபீசில் வேலை பார்த்தது, எங்கள் ஊர் ஏடு வந்தது, கடைசிக் கட்டம், அதில் எழுதியிருந்தது, நான் விட்டுவிட்டது. விஷயம் தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"எழுதியிருந்துச்சா?" என்றார்.

"எழுதியிருந்துச்சுங்கண்ணா. எட்டு அடின்னு."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்கண்ணா."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். ஆபீசுக்குக் கடைசியாகப் போனபோது பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாராம். மணியக்காரர் எழுதியதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பெரியப்பா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"அத்தன பேரு முன்னாடி, பொய் சொல்லாதய்யா, வூட்டுக்கு வான்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் எங்கப்பன் எங்கூடப் பேசல. நாலு மாசம். அப்படியே போயிட்டாரு."

ஒரு பாதை போய்விட்டது, ஒரு காடு போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கக் கிளம்பி வந்திருந்தேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். "அம்மாகிட்டச் சொல்லு. எனக்கு இப்பச் சொல்லி என்னா ஆவப்போவுது. அதுக்குத் தெரியணும்."

பெரியம்மா ஊரிலேயே மகள் வீட்டில் இருக்கிறார். யார் பேசுவது என்று புரியவைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. அப்போது ஒரு கார் வந்து ஒலி எழுப்பியது. அண்ணன் கேட்டைத் திறக்கப் போனார். நான் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை முன்பின் மாறாமல் சொல்ல முடிந்தது. பெரியம்மா குறுக்கே பேசவில்லை.

"அவருக்கு எழுத்துத் தெரியாது கண்ணு" என்றார் கடைசியில். "ஆனா எங்க எழுதியிருக்குதுன்னு தெரியும். ஆபீசுல குடுத்த கம்பியூட்டர் காயிதத்த மடியில விரிச்சு வெச்சுக்கிட்டு, சோத்துக்கை ஓரத்துல வெரல வெச்சு வெச்சுப் பாப்பாரு. இங்கதான் இருந்துச்சு, இங்கதான் இருந்துச்சும்பாரு. அவருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு எனக்கே இருந்துச்சு."

நான் அழுதுகொண்டிருந்தேன். பெரியம்மா அழவில்லை.

"மாதேசங்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க பெரியம்மா."

"பக்கத்துலதான் இருப்பான். அழுவறானா?"

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டியபடி, கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கேட் அகலத் திறந்து கிடந்தது. அந்தக் கார் எப்போதோ உள்ளே போய்விட்டது.

"இல்லீங்க பெரியம்மா" என்றேன்.